வியன்னாவுக்கு எவ்வளவு நேரம்

நெவேனா ஒரு பட்டாளத்துக்கே சாப்பாடு கட்டிக்கொண்டு விமானம் ஏறினாள். அவித்த முட்டை, இறைச்சி உருண்டை, பாலாடைக்கட்டி வைத்துச் சுட்ட பனித்சா. எல்லாவற்றுக்கும் அடியில், கம்பளிச் சால்வையில் சுற்றிய டப்பாவில் சர்க்கரை போட்டு அவித்த கோதுமை. செத்தவர் பெயரால் உறவுக்காரர்களுக்கு ஆளுக்கொரு கரண்டி கொடுக்கும் கோதுமை அது. புருஷன் ஸ்தாமென் போய் இரண்டு மாதமாகியும் வியன்னாவில் இருக்கும் மகன் கலோயானுக்கு அந்த ஒரு கரண்டி போய்ச் சேரவில்லை.

அவன் என்ன செய்வான், பாவம். அப்பா போன அன்று போனிலேயே அழுதான். "இவ்ளோ தூரத்துலேர்ந்து நாளைக்குள்ள எப்படிம்மா வர்றது? நான் வந்து சேர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிரும். அடக்கத்த நடத்திடுங்க."

கல்லறைத் தோட்டத்தில் நாத்தனார் ஸ்லாவ்கா எல்லார் காதிலும் விழும்படி கேட்டாள், "பெத்த பிள்ளை எங்க அண்ணி?"

"தூரம்னா என்னன்னு உனக்குத் தெரியுமாடி? பிள்ளை பறந்தா வருவான்?" என்று நெவேனா பாய்ந்தாள்.

அவள் ஊரான சோஃபியாவில், தெருவில் எல்லாருக்கும் பஸ் கணக்குதான். வியன்னா என்றால் ஒரு பகல், ஒரு ராத்திரி, எல்லையில் காத்துக் கிடப்பது, இறங்கும்போது கால் வீக்கம். ஸ்தாமெனே அப்படித்தான் ஒரு தடவை போய் வந்தார். விமானம் என்றால் இருட்டுவதற்குள் போய்விடும் என்று இவளாக நினைத்துக்கொண்டாள். டிக்கெட்டை எடுத்துக் கொடுத்தது ஸ்லாவ்காதான். "ஏறிப் பாருங்க அண்ணி, உங்களுக்கே தெரியும்," என்றாள். என்ன தெரியும் என்று இவள் கேட்கவில்லை.

ஜன்னலோரம் ரலித்சா என்ற பெண். வியன்னாவில் வேலையாம். அவளோடு பேசியதில் பொழுது போனது தெரியவில்லை. நெவேனா அப்போதுதான் முதல் முட்டையை உரித்து வாயில் வைத்தாள். விமானம் குலுங்கியது. சுற்றிலும் எல்லாரும் கைதட்டினார்கள்.

"எதுக்குத் தட்டுறாங்க?"

"இறங்கிட்டோம்ல அத்தை. நம்ம ஆளுங்க தட்டாம விட மாட்டாங்களே."

"எங்க இறங்கிட்டோம்?"

"வியன்னாதான். இங்க நேரம் வேற, கடிகாரத்த ஒரு மணி நேரம் பின்னாடி வைங்க. கிளம்பி அரை மணிதான் ஆச்சுன்னு காட்டும். நெசமா ஒன்றரை மணி நேரம்."

நெவேனா மீதி முட்டையைப் பைக்குள் வைத்தாள். ஒன்றரை மணி நேரம். அவள் வீட்டிலிருந்து மார்க்கெட்டுக்கு டிராம் மாறிப் போய்த் திரும்பவே அவ்வளவு ஆகும்.

"தினமும் விமானம் இருக்கா கண்ணு?"

"இருக்கே. நான் எங்கப்பா பிறந்தநாளுக்கு ஊருக்கு வந்துட்டு அன்னிக்கே திரும்பிருக்கேன்."

கல்லறையில் ஸ்லாவ்காவைப் பார்த்துக் கத்திய தன் குரல் நெவேனாவின் காதில் கேட்டபடியே இருந்தது. அவமானத்தில் உடம்பு கூசியது.

வெளியே கலோயான் பூங்கொத்தோடு நின்றான். ஓடிவந்து கட்டிக்கொண்டான். "ரொம்பக் களைச்சுட்டியாம்மா? தூரம்ல?"

அவள் பையைக் கீழே வைத்துச் சால்வையை அவிழ்த்தாள். காலையில் அடுப்பிலிருந்து இறக்கிய கோதுமை. டப்பாவை அவன் உள்ளங்கையில் வைத்தாள்.

"தொட்டுப் பாருடா," என்றாள். "இன்னும் சூடு ஆறல."