திருமதி வின்டிலின் கடைசி நாவல்

ரொம்மன் மண்டபத்து மேடையில் கபிலன் இருப்பதைக் கண்டதும் யதுர்ஷாவுக்கு உச்சியில் பற்றிக்கொண்டு வந்தது. பட்டு வேட்டியும் சந்தனப் பொட்டுமாய், கல்யாண வீட்டு மாப்பிள்ளை மாதிரி முன்கதிரையில் குந்தியிருக்கிறான். விவாகரத்து முடிந்து ஒரு வருடத்துக்கு மேலாகிவிட்ட மனிசனுக்கு அவளுடைய புத்தக வெளியீட்டில் என்ன அலுவல்?

அது போதாதென்று பின்னால் தொங்கிய பெரிய பதாகை. அதில் கொட்டை எழுத்தில் 'திருமதி யதுர்ஷா கபிலன்' என்று கிடந்தது. புத்தக அட்டையில் வெறும் யதுர்ஷாதான். அந்த ஒற்றைப் பேருக்காக அவள் அச்சகத்தோடு எத்தனை தரம் மல்லுக்கட்டியிருப்பாள்!

வாசகர் வட்டத் தலைவர் சோதிலிங்கம் ஓடிவந்து அவளை ஒரு பக்கம் கூட்டிக்கொண்டு போனார். நல்ல மனிசன், சும்மா சொல்லக்கூடாது. ஆனால் ஊரில் பிரிந்த சோடி ஒன்றைக் கண்டால் சேர்த்து வைக்காமல் அவருக்குச் சோறு இறங்காது. நூலை ஒருத்தர் வெளியிட, ஒருத்தர் முதற்பிரதி வாங்குவதுதானே வழக்கம், இன்றைக்குக் கபிலன் வெளியிட்டு அவளுடைய கையிலேயே முதற்பிரதியைத் தருவான், சனம் கைதட்டும், எல்லாம் தன்பாட்டில் சரிவந்துவிடும் என்று விளக்கினார். அம்மாவுக்கும் சம்மதம்தான் என்றார்.

யதுர்ஷா முன்வரிசையைப் பார்த்தாள். தாய் சிவநாயகி மடியில் பையை அணைத்துக்கொண்டு குனிந்திருந்தாள். பைக்குள்ளிருந்து பொன்னாடையின் சரிகைக் கரை எட்டிப் பார்த்தது. மோர்டென்ஸ்ருட் வீட்டிலிருந்து ரயிலில் வரும்போது அது ஆருக்கு என்று கேட்டதற்கு, பிரதம விருந்தினருக்கு என்றாளே! அந்த விருந்தினர் ஆரென்று இப்போதுதான் விளங்கியது. பெற்ற தாயே இப்படிச் செய்தால் ஆரிடம் போய்ச் சொல்லி அழுகிறது?

அவன் கையால் வாங்கினால் என்ன நடக்கும் என்று அவளுக்குத் தெரியும். இரவுக்குள் படம் நாட்டின் வடகோடியிலிருக்கிற ஹம்மர்பெஸ்ட் வரைக்கும் போய்விடும். சேர்ந்துவிட்டார்கள் என்று சனம் முடிவு கட்டும். அதைவிட மோசம், எழுதிய காலமெல்லாம் "என்னத்தைக் கிறுக்கிறாய்" என்று கேட்டவனின் பெண்சாதி எழுதிய புத்தகமாய் அது ஆகிவிடும்.

புத்தகமோ இன்னொரு திருமதியைப் பற்றியது. ஹெஸ்டர் என்ற பெண், விக்டோரியா மகாராணி காலத்து இங்கிலாந்தில் நாவல் எழுதினவள். புருசனை விட்டுப் போன பிறகும் பதிப்பாளர்கள் அவளுடைய நாவல்களை 'மிஸஸ் எட்மண்ட் வின்டில்' என்று அவனுடைய பேரில்தான் அச்சடித்தார்கள். பேர் மட்டுமா? அவளுடைய கதைகளில் பெண்கள் வீட்டை விட்டுப் போவார்கள், வேலை தேடுவார்கள், காதலிப்பார்கள். கடைசி அத்தியாயத்தில் மட்டும் அழுதுகொண்டு புருசனிடம் திரும்பி வருவார்கள். அப்படி முடித்தால்தான் பதிப்பாளர் வாங்குவார். கடைசி நாவலில் ஹெஸ்டர் அந்த அத்தியாயத்தை எழுதவே மாட்டேன் என்றுவிட்டாள். போனவள் போனவள்தான். தன் சொந்தப் பேரிலேயே வெளியிட்டாள், ஊரே காறித் துப்பியது, அவள் அசையவில்லை.

ஒலிவாங்கியில் சோதிலிங்கம் கபிலனை அழைத்தார். கபிலன் எழும்பி, தட்டத்திலிருந்த ரிப்பன் கட்டிய புத்தகத்தை எடுத்தான். படம் எடுக்கிற தம்பி முன்னுக்கு வந்து முழங்காலில் நின்றான். யதுர்ஷா நேரே போய்க் கபிலனின் கையிலிருந்து புத்தகத்தை வாங்கினாள். கைதட்டல் தொடங்கியது. தம்பி படம் எடுக்க முன்னமே அவள் அதைத் திருப்பித் தட்டத்தில் வைத்துவிட்டு ஒலிவாங்கியைப் பிடித்தாள். கைதட்டல் பாதியில் நின்றது.

"ஹெஸ்டரின்ரை பழைய நாவல்களை மட்டும் வாசிச்சுப்போட்டு வந்திருக்கிறியள் போலை," என்றாள். "நான் எழுதினது கடைசி நாவலைப் பற்றி. கபிலன், நீங்கள் இறங்கிப் போய்ச் சனத்தோடை இருங்கோ. என்ரை புத்தகத்தை நானே வெளியிடுறன்."

கபிலனின் முகத்தில் ஈயாடவில்லை. அவளும் சம்மதித்தாள் என்று சொல்லித்தான் தன்னைக் கூப்பிட்டவை என்று முணுமுணுத்துக்கொண்டு இறங்கினான். பாவம், அதுவும் உண்மைதான். ஆனால் பாவம் பார்க்கிற நேரமா அது?

அவள் ரிப்பனை அவிழ்த்தாள். முதற்பிரதியை வாங்க விருப்பமானவை வரலாம் என்றாள். ஒருத்தரும் அசையவில்லை. சோதிலிங்கம் நிலத்தைப் பார்த்தார். அவள் புத்தகத்தோடு நீட்டின கையை மடக்கவில்லை. விடிய விடிய நிற்க வேண்டி வந்தாலும் நிற்பேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

அப்போது சிவநாயகி பையோடு எழும்பினாள். வாசலுக்குப் போகிறாள், அவமானம் தாங்காமல் வீட்டுக்குப் போகப்போகிறாள் என்றே யதுர்ஷா நினைத்தாள். அம்மாவையும் இழந்தாயிற்று. சிவநாயகி கதிரைகளைச் சுற்றிக்கொண்டு வந்து மேடையில் ஏறினாள். மகளின் முகத்தைப் பாராமலே புத்தகத்தை இரண்டு கையாலும் வாங்கி அக்குளுக்குள் வைத்தாள். பிறகு பையைத் திறந்து, பொன்னாடையை உதறி, மகளின் தோளில் போர்த்தினாள்.

"ஆருக்கு வாங்கினனான் எண்டு கேளாதை," என்றாள். "நிமிந்து நில்."

யதுர்ஷா நிமிர்ந்து நின்றாள். சிவநாயகி பக்கத்தில் நின்று சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, முழங்காலில் நின்ற தம்பியைப் பார்த்தாள்.

"இப்ப எடு."