மழையில் வந்த ஒரே ஆள்

மழை பெய்தால் விசுவாசிகள் கரைந்துவிடுவார்களா என்ன? அந்தப் புதன்கிழமை மாலை வீட்டு ஜெபக்கூட்டம், சர்க்கார் ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி பொன்னுதுரையின் முறை. மலாயாவின் காஜா பேராங்கில் தம் வாடகை வீட்டில் பாய் விரித்து, பத்துப் பேருக்குக் காப்பி கலந்து வைத்துக் காத்திருந்தார். வந்தது ஒரே ஆள், மளிகைக் கடையில் வேலை பார்க்கும் ராஜரத்தினம். இருவருமாக முழங்காலிட்டு ஜெபித்தார்கள். ஒண்டிக்கட்டையான பொன்னுதுரைக்கு வீட்டில் இன்னொரு குரல் கேட்டதே பெரிய ஆறுதலாக இருந்தது.

மறுவாரம் ராஜரத்தினத்தைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போனது. மழை பெய்த அதே புதன்கிழமை மாலை, காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளுக்கு அவன் அரிசி கொண்டுபோய்க் கொடுத்தானாம்! எவனோ கைகாட்டிவிட்டான். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்திரண்டு, மலாயாவில் அவசரகாலச் சட்டம் இருந்த நேரம். கைகாட்டினால் போதும்.

அன்று அவன் எங்கே இருந்தான் என்று அறிந்த ஒரே மனிதர் பொன்னுதுரை. ஆனால் போய்ச் சொன்னால்? 'இரண்டே பேர் கதவைச் சாத்திக்கொண்டு என்ன பேசினீர்கள்?' என்று திருப்பிக் கேட்டால்? சர்க்கார் வேலை போகும். பிடித்துக் கப்பலேற்றினாலும் ஏற்றுவார்கள். இந்தியாவில் போய் இறங்க அவருக்கு யார் இருக்கிறார்கள்?

ஞாயிறு ஆராதனையில் ராஜரத்தினத்தின் மனைவி கமலவேணி உட்கார்ந்த பெஞ்சில் வேறு ஒருவரும் உட்காரவில்லை. பொன்னுதுரையும்தான். வெட்கக்கேடு!

"இந்த வாரம் யார் வீட்டுல கூட்டம்?" என்று உபதேசியார் நல்லையா கேட்டார். எல்லோரும் பாட்டுப் புத்தகத்தைப் புரட்டினார்கள். "சரி, காலம் நல்லா இல்ல. அப்புறம் பாத்துக்கலாம்" என்று அவரே முடித்துவிட்டார்.

யாரும் வரமாட்டார்கள் என்று தெரிந்தும் புதன்கிழமை பொன்னுதுரை பாயை விரித்தார். "ஆண்டவரே, ராஜரத்தினத்துக்கு ஒரு சாட்சியை அனுப்பும்" என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்தினார். அட, எந்த வாயால் கேட்கிறோம்? சாட்சியாக நம்மைத்தான் ஆண்டவர் அன்றைக்கே வைத்துவிட்டாரே! தனியாக உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதார். "பயமா இருக்கு ஆண்டவரே. கூட வாரும்" என்றார். அதற்குமேல் ஜெபிக்க ஒன்றும் இருக்கவில்லை.

மறுநாள் காலை போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய் எழுதிக் கொடுத்தார். கையெழுத்து கோணிற்று, ஆனால் ஒரு வார்த்தையும் விட்டுவிடவில்லை. "வெளியே இரு, கூப்பிடுவோம்" என்றார்கள். வீட்டுக்குப் போகலாமா கூடாதா என்று யாரும் சொல்லவில்லை.

மத்தியானம் புருஷனுக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு கமலவேணி வந்தாள். சபை ஆளைப் பார்த்ததும் அவளாகவே ஒதுங்கி நின்றாள். பொன்னுதுரை பெஞ்சில் நகர்ந்து அவளுக்கு இடம் விட்டார்.

"தள்ளிப் போகாத தங்கச்சி. அன்னைக்கு ராஜரத்தினம் என் வீட்டுல ஜெபத்துல இருந்தான். எழுதிக் குடுத்துட்டேன். இவ்ளோ நாள் வாய மூடிக்கிட்டு இருந்ததுக்கு என்னை மன்னிச்சிரு."

அவள் சாப்பாட்டுத் தூக்கைக் கீழே வைத்தாள். "இப்ப உங்களையும் பிடிச்சிக்கிட்டா, அண்ணே?"

"பிடிச்சாலும் பிடிக்கட்டும். உண்மை உள்ள போயிருச்சி."

அப்போது உள்ளேயிருந்து அவர் பெயரைக் கூப்பிட்டார்கள். எழுந்தார்.

"போங்கண்ணே" என்றாள் கமலவேணி. "நீங்க வெளிய வர்ற வரைக்கும் நான் இங்கதான் இருப்பேன்."

மலாயாவுக்கு வந்து இருபது வருஷமாயிற்று. அவர் திரும்பி வருவதற்காக இதுவரை யாரும் காத்திருந்ததில்லை. பொன்னுதுரை உள்ளே போனார்.