ஹேமர் நின்ற நாலு விநாடி

கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் நர்மதா தன் புருஷன் மேல் கோபப்பட்டிருக்கிறாள், சலித்துக்கொண்டிருக்கிறாள், ஒருமுறை தோசைக்கரண்டியைத் தூக்கி வீசியும் இருக்கிறாள். ஆனால் பொறாமைப்பட்டதில்லை. பொறாமைப்பட அந்த மனிதரிடம் என்ன இருந்தது? போர்வெல் வண்டியில் மேனேஜர். வருஷத்தில் ஒன்பது மாதம் மத்தியப் பிரதேசத்தில் புழுதி தின்றுவிட்டு, அங்கே மழை பிடித்ததும் திருச்செங்கோட்டுக்குத் திரும்பி, வண்டியை ஒர்க்‌ஷாப்பில் விட்டுவிட்டு, மிச்ச மூன்று மாதமும் வீட்டில் சாப்பிட்டுத் தூங்குகிற ஜீவன். பெயர் சரவணக்குமார். நல்ல மனுஷன், அவ்வளவுதான்.

நர்மதாவிடம் ஒன்று இருந்தது. அது அவளுடையது மட்டும்.

வீடியோ கேமில் பின்னால் ஓடுமே ஒரு பாட்டு, டொய்ங் டொய்ங் என்று, அதைத்தான் சொல்கிறேன். சிரிக்காதீர்கள். உலகம் பூராவும் ஆட்கள் உட்கார்ந்துகொண்டு அந்தப் பழைய மெட்டுகளை எடுத்து கிதாரில் வாசிக்கிறார்கள், முப்பது வயலின் வைத்து வாசிக்கிறார்கள், கோயில் மேளம் போட்டுக்கூட வாசிக்கிறார்கள். ஒரே மெட்டுக்கு நாற்பது அவதாரம். அப்படி மாற்றிப்போட்ட பாட்டுகளை நர்மதா பதினைந்து வருஷமாகச் சேர்த்துக்கொண்டிருந்தாள். மூன்று ஹார்ட் டிஸ்க்கில் பதினோராயிரத்துச் சொச்சம். எந்த கேம், எந்தக் கட்டம், யார் மாற்றியது, எங்கே நன்றாக இருக்கிறது, எங்கே சொதப்பியிருக்கிறார்கள் என்று ஒவ்வொன்றுக்கும் குறிப்பு வேறு. வேலை பார்ப்பது ஒரு இன்ஜினியரிங் காலேஜில் கம்ப்யூட்டர் லேப் அசிஸ்டன்டாக. போகிற பஸ்ஸில் நாற்பது நிமிஷம், வருகிற பஸ்ஸில் நாற்பது நிமிஷம், காதில் இதுதான்.

இந்தக் கிறுக்கு எப்படிப் பிடித்தது என்றால், சின்ன வயசில் ராசிபுரத்து வீட்டில் டிவி கேம் வாங்கினார்கள். வாங்கியது அண்ணனுக்கு. கன்ட்ரோலரை அவன் ஒருநாளும் கொடுத்ததில்லை. ஒரு குட்டி ஆள் மண்வெட்டியோடு சுரங்கத்துக்குள் இறங்கிக்கொண்டே இருப்பான், அண்ணன் ஆடுவான், இவள் பக்கத்தில் உட்கார்ந்து பாட்டை மட்டும் கேட்டுக்கொண்டிருப்பாள். ஆட்டம் அவனுக்கு, பாட்டு இவளுக்கு என்று பாகம் பிரிந்துபோனது.

அவளைப்போல் கிறுக்குப் பிடித்தவர்கள் இருநூறு பேர் ஒரு குரூப் வைத்திருந்தார்கள். சேலத்துக்காரர்கள் உண்டு, சென்னை உண்டு, துபாயில் இருப்பவர்களும் உண்டு. யாராவது ஒரு துண்டை அனுப்பி இது என்ன பாட்டு என்று கேட்டால், ஐந்து விநாடி கேட்டுவிட்டு நர்மதா பதில் போடுவாள். தப்பியதே இல்லை. ‘நர்மதாக்கா சொன்னா சரியாத்தான் இருக்கும்’ என்பது அங்கே சட்டம். வேறெங்கே அவள் பேச்சு சட்டம்? மாமியார் வீட்டில் ரசத்துக்கு உப்பு சொல்லக்கூட அவளுக்கு உரிமையில்லை.

ஒரு விஷயத்தை மட்டும் அவள் யாரிடமும் சொன்னதில்லை. இருபத்துமூன்று வயசில் அவளே ஒரு பாட்டை மாற்றிச் செய்து பார்த்திருக்கிறாள். வெளிநாட்டில் ஒரு தளம் உண்டு. நடுவர்கள் கேட்டு, தேறினால்தான் ஏற்றுவார்கள். ஆறு மாதம் மண்டையை உடைத்துச் செய்து அனுப்பினாள். ‘மெட்டு அப்படியே இருக்கிறது, புதிதாக ஒன்றும் இல்லை’ என்று ஒரே வரியில் திருப்பிவிட்டார்கள். போங்கடா என்று மூட்டை கட்டி வைத்துவிட்டாள். செய்கிறவன் செய்யட்டும், நமக்குக் கேட்கத் தெரியும், அது போதும் என்று தன்னைத் தேற்றிக்கொண்டாள்.

புருஷன் வடக்கே இருக்கும்போது பேச விஷயம் இருக்காது. சாப்பிட்டீங்களா, சாப்பிட்டேன்; மழையா, வெயிலுதான். அதற்காகத்தான் மூன்று வருஷத்துக்கு முன்னால் தினம் காலையில் ஆறு மணிக்கு ஒரு பாட்டு அனுப்ப ஆரம்பித்தாள், கூடவே தன் குறிப்பும். ‘நெம்ப நல்லாருக்குது அம்மிணி’ என்று அவரும் தினம் பதில் போடுவார். கேட்கிறாரா, கேட்காமலே போடுகிறாரா என்று அவள் ஆராய்ந்ததில்லை.

கேட்டிருக்கிறார், மகராசன். ஒன்று விடாமல் கேட்டிருக்கிறார்.

இந்த ஆடியில் வண்டி திரும்பியது. இரண்டாம் நாள், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கறிச்சோறு தின்றுவிட்டுக் கட்டிலில் சாய்ந்திருந்தவர் போனை நீட்டினார்.

“அம்மிணி, ஒண்ணு கேக்கறயா? சிரிக்கக் கூடாது.”

“என்னங்க மாமா?”

“கேளு மொதல்ல.”

இயர்போனை மாட்டினாள். மூன்றாவது விநாடியில் அடையாளம் தெரிந்துவிட்டது. அண்ணன் ஆட, அவள் கேட்ட அதே சுரங்கப் பாட்டு. ஆனால் தாளம், பாறையை இடித்துத் துளைக்கிற போர்வெல் ஹேமர். மண்ணைக் குத்தும்போது மொத்தென்று ஒரு சத்தம், சுண்ணாம்புக் கல்லுக்கு ஒன்று, கருங்கல்லுக்குக் கணீரென்று இன்னொன்று. ஆழம் போகப் போக ராடோடு ராடு மாட்டுகிற சத்தம் ஜால்ரா மாதிரி குறுக்கே விழுந்தது. கம்ப்ரசரின் உறுமலே சுருதி. அந்தக் குட்டி ஆள் நிஜமாகவே எண்ணூறு அடிக்கு இறங்கிக்கொண்டிருந்தான்.

இறங்கி, இறங்கி, ஒரு இடத்தில் எல்லாம் நின்றது. ஹேமர் இல்லை, மெட்டு இல்லை, யாரோ ஒரு ஆள் மூச்சு விடுகிற சத்தம் மட்டும். நாலு விநாடி.

பிறகு தண்ணீர் பீய்ச்சியடித்தது. அந்தத் தண்ணீரோடு சேர்ந்து மெட்டு மேலே ஏறி வந்தது. நர்மதாவுக்கு உச்சி முதல் உள்ளங்கால் வரை சிலிர்த்துப்போனது. பதினோராயிரம் பாட்டில் இப்படி அவளுக்கு நாலைந்து முறைதான் நடந்திருக்கும்.

“அடுத்து போர் போடறதுக்குப் பாயிண்டு கெடைக்காம ஏஜென்டுக்காகக் காத்துக் கெடப்பம்ல, அப்ப போன்லயே செஞ்சது” என்றார் சரவணக்குமார். “நடுவுல நிக்குதுல்ல, அது கல்லுக்குள்ள வெடிப்புத் தட்டற எடம். ஹேமர் சத்தம் அந்து நின்னுரும். தண்ணியா, வெறும் பொந்தான்னு தெரியாது. அந்த நேரத்துல ஒருத்தனும் பேச மாட்டான். எப்பிடி இருக்குது?”

“பரவாயில்லீங்க” என்றாள் நர்மதா.

பரவாயில்லையாம்! பதினைந்து வருஷம் கேட்டவள் இவள். இந்த மனுஷன் நேற்று வந்தவர். இவள் போட்ட சோற்றைத் தின்றுதானே அந்தக் காது வளர்ந்தது?

அதோடு விட்டாரா? நாற்பது விநாடித் துண்டு ஒன்றைக் குரூப்பில் போட்டுவிட்டார். குரூப்பில் அவரைச் சேர்த்துவிட்டதும் இவள்தான், தலையெழுத்து. ஒரு மணி நேரத்தில் குரூப்பே அல்லோலகல்லோலப்பட்டது. வாழப்பாடி யோகேஷ் என்று ஒரு பையன், எட்டு வருஷமாக அக்கா அக்கா என்று காலைச் சுற்றியவன், அவளுக்குத் தனியாகச் செய்தி அனுப்பினான்: ‘அக்கா, நீங்க சரவணன் அண்ணாவோட ஒய்ஃபா? சொல்லவே இல்ல!’

சரவணன் அண்ணாவோட ஒய்ஃப். எட்டு வருஷம் கட்டிய கோட்டை ஒரே வரியில் போய்விட்டது.

மாமியார் முத்தாயம்மாள் வேறு. போர் போடும் சத்தத்துக்கும் பாட்டுக்கும் வித்தியாசம் தெரியாத மனுஷி, தெருவெல்லாம் போய்ச் சொல்லிவிட்டு வந்தாள். “எம்பையன் பாட்டுப் போட்டுருக்கறானாமா! ஃபாரின்காரனெல்லாம் கேக்கறானாமா! ஏஞ்சாமி நருமதா, நீயுந்தான் எந்நேரமும் காதுல மாட்டிட்டுத் திரியற, நீ ஒண்ணும் போடலியா?”

“எனக்கு அதுக்கெல்லாம் எங்கீங்க அத்தை நேரம்” என்று சொல்லிவிட்டு நர்மதா மாவு கரைக்கப் போனாள். கரைத்த வேகத்தில் பாதி மாவு சுவரில் இருந்தது.

அடுத்த வாரம் அவர் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். அந்த வெளிநாட்டுத் தளத்துக்கு அனுப்பப் போகிறாராம். அதே தளம்!

“நீ ஒருக்காக் கேட்டுச் சரின்னு சொல்லீட்டா அனுப்பிருவேன். எங்க தப்பு இருக்குதுன்னு சொல்லு. நீ அனுப்பற குறிப்புல எழுதுவீல்ல, அதாட்டம்.”

நர்மதா மறுபடி கேட்டாள். அந்த நாலு விநாடி வந்தது, மறுபடி சிலிர்த்தது. என்ன சொல்லப்போகிறோம் என்று சத்தியமாக அவளுக்கே தெரியாது. வாய் தானாகச் சொன்னது.

“எல்லாம் சரியாத்தான் இருக்குதுங்க மாமா. அந்த நடுவுல நிக்கறது மட்டும் வேண்டாங்க. கேக்கறவங்க ஃபைல் கெட்டுப்போச்சுன்னு நெனச்சுக்குவாங்க.”

அவர் முகம் கொஞ்சம் வாடியது. “அப்பிடியா? எனக்கு அதுதான் நெம்பப் புடிச்சுது.”

“புடிக்கறது வேற, சரியா இருக்கறது வேறங்க. பதினஞ்சு வருசமாக் கேக்கறேன், எனக்குத் தெரியாதுங்களா?”

“உனக்குத் தெரியாம வேற யாருக்குத் தெரியும்? எடுத்துப்போடலாம்.”

அங்கேயே உட்கார்ந்து, அவள் கண் முன்னாலேயே, கட்டைவிரலால் அந்த இடத்தை வெட்டி எடுத்தார். ஹேமரும் தண்ணீரும் ஒட்டிக்கொண்டன. பாட்டு ஓடியது, நன்றாகவே ஓடியது, ஆனால் அவளுக்குச் சிலிர்க்கவில்லை. அப்பாடா என்று இருந்தது என்பதுதான் வெட்கக்கேடு. அன்றைக்கு ராத்திரி இரண்டு தோசை கூடச் சாப்பிட்டாள்.

ஐந்து வாரம் கழித்து, அவள் காலேஜ் விட்டு வந்தபோது பதில் வந்திருந்தது. சரவணக்குமார் போனை அவளிடம் கொடுத்தார். நர்மதா நின்றபடியே படித்தாள். சத்தங்கள் அருமை, இப்படி ஒன்றை நாங்கள் கேட்டதில்லை என்று ஆரம்பித்திருந்தார்கள். ஆனால் ஒரே ஓட்டமாக ஓடுகிறது, மூச்சு விட இடமில்லை. தண்ணீர் வருகிற இடம்தான் பாட்டுக்கே உயிர், அதற்கு முன்னால் ஒரு நிறுத்தம் இல்லாததால் அது வந்ததே தெரியவில்லை. அங்கே ஒரு மௌனம் வைத்து மறுபடி அனுப்புங்கள், ஏற்றுக்கொள்கிறோம் என்று முடித்திருந்தார்கள்.

மாட்டிக்கொண்டோம் என்று அவளுக்குத் தெரிந்தது. ஆனாலும் புத்தி வேலை செய்தது. தப்பிக்க வழி இருக்கிறதே! எதையும் ஒப்புக்கொள்ள வேண்டாம், வெட்டியதைத் திரும்ப ஒட்டினால் முடிந்தது.

“அட, அவங்களே கேக்கறாங்களேங்க. பழையபடியே வெச்சு அனுப்பீருங்க மாமா. நாலு செகண்டுதானுங்க.”

“நீ வேண்டாம்னு சொன்னத எப்பிடி வெக்கறது?” என்று சிரித்தார் அவர். “நான் மத்தியானமே பதில் போட்டுட்டேன். கீழ பாரு.”

கீழே பார்த்தாள். அவருக்குத் தெரிந்த இங்கிலீஷில், பள்ளிக்கூடத்து லீவு லெட்டர் போல எழுதியிருந்தார். ஐயா, வணக்கம். என் மனைவி பதினோராயிரம் பாட்டு கேட்டவள். நிறுத்தம் தப்பு என்று அவள் சொன்னாள். எனக்குப் பாட்டு சொல்லிக்கொடுத்தது அவள். நீங்கள் பெரியவர்கள், ஆனால் அவள் காதைத்தான் நான் நம்புவேன். அதனால் என் பாட்டைத் திருப்பி எடுத்துக்கொள்கிறேன். தங்கள் உண்மையுள்ள, சரவணக்குமார், போர்வெல் மேனேஜர், திருச்செங்கோடு.

நர்மதா அதை இரண்டு முறை படித்தாள். பையைக்கூடத் தோளிலிருந்து இறக்கவில்லை. இந்த மனுஷன் திட்டியிருந்தால், சந்தேகப்பட்டிருந்தால், இப்படித்தானா என்று ஒரு பார்வை பார்த்திருந்தால் சமாளித்திருப்பாள். சாதித்தே இருப்பாள். உண்மையுள்ள சரவணக்குமாரை என்ன செய்வது?

“மாமா, நான் பொய் சொன்னனுங்க.”

“எதுல?”

“அந்த எடம் தப்பெல்லாம் இல்லீங்க. பொறாமைங்க. நானும் ஒருக்கா அங்க அனுப்பி, ஒண்ணுமில்லைன்னு திருப்பீட்டாங்க. ஆருகிட்டயும் சொல்லுல. எனக்கு வராதது உங்களுக்கு வந்துருச்சேன்னு பொறுக்குலீங்க. அதனாலதான் அதையவே பாத்து எடுக்கச் சொன்னேன்.”

சொல்லிவிட்டு நின்றாள். அவர் முகத்தில் ஏதோ வந்து போனது, வலிக்காமல் இருக்குமா? போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். திட்டு வரட்டும் என்று காத்திருந்தாள் நர்மதா. அவளாக இருந்தால் இந்நேரம் வீடு ரெண்டாகியிருக்கும், ஒரு மாதம் பேச்சுவார்த்தை இருந்திருக்காது.

“அப்ப அந்த எடம்…” என்று மெல்லக் கேட்டார் சரவணக்குமார். “மொத மொதக் கேட்டப்ப எப்பிடி இருந்துச்சு? நெசமாச் சொல்லு அம்மிணி.”

“உசுரே நின்னுபோச்சுங்க.”

அவ்வளவுதான். அந்த முகம் மலர்ந்ததே, தளத்துக்காரர்கள் தங்கத்தில் மெடல் செய்து கொடுத்திருந்தால்கூட அப்படி மலர்ந்திருக்காது. “அது போதும்” என்றார். “நீ அங்க அனுப்புனியே, அந்தப் பாட்டு இருக்குதா? எடு, ரெண்டு பேரும் கேக்கலாம்.”

சுவரோரம் நகர்ந்து கட்டிலில் அவளுக்கு இடம் விட்டார். நர்மதா உட்கார்ந்தாள். பாவி மனுஷன், இதிலும் தன்னை முந்திவிட்டாரே என்று அவளுக்கு மறுபடியும் பற்றிக்கொண்டு வந்தது.