நம்ம வண்டி

அன்று காலையும் எழுந்ததும் முதல் வேலையாக அவள் சமையலறைக் குழாயைத் திறந்து பார்த்தாள். புஸ்ஸென்று காற்று வந்தது.

"இன்னிக்கும் மூச்சுதான் விடுது," என்றாள் உள்ளே பார்த்து.

"உயிரு இருக்குல்ல, சந்தோஷப்படு," என்றார் அவள் கணவர், ஒரு கால் பேண்டிலும் ஒரு கால் தரையிலுமாகத் தள்ளாடியபடி.

அவருக்கு அடுத்த தெருவில் சோபா செய்யும் பட்டறையில் வேலை. அவளுக்கு வீட்டிலேயே தையல். தெருவுக்கே அவள் தையலக்கா. வார்டு மெம்பரிடம் பேசத் தெருவுக்கு ஒரு வாய் தேவைப்பட்டபோது, அது தானாகவே அவள் வாயாக அமைந்துவிட்டது. "அண்ணே, தண்ணி இல்லண்ணே" என்று அவள் ஒரு போன் போட்டால் போதும். மெம்பர் தீயணைப்பு நிலையத்துக்கு ஒரு போன் போடுவார். சிவப்பு வண்டி தெருமுனையில் வந்து நிற்கும். தெருவில் யாரும் அதைத் தீயணைப்பு வண்டி என்று சொல்வதில்லை. 'நம்ம வண்டி' என்றுதான் பேச்சு. பக்கத்துத் தெருக்காரர்கள் காலிக் குடத்தோடு நின்று வயிறெரிவார்கள். அதைப் பார்ப்பதில் அவளுக்கு ஒரு தனிச் சுகம்.

போன தேர்தலில் மெம்பரை எதிர்த்து ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் நின்றார். "குழாயத்தான் மாத்தணும். எந்தத் தெரு ரொம்ப மோசமோ அங்கருந்து ஆரம்பிச்சு வரிசையா வருவோம்" என்று வீடு வீடாகச் சொல்லிக்கொண்டு போனார். அவருக்கு 'வரிசை வாத்தியார்' என்று பேர் வைத்தது அவள்தான். வாத்தியார் தோற்றுப்போனார். பேர் மட்டும் நிலைத்துவிட்டது.

அன்றும் வண்டி வந்தது. அவளுடைய முதல் டிரம் நிரம்பி, இரண்டாவது டிரம்மில் பாதி ஏறியிருக்கும்போது டிரைவர் வால்வில் கை வைத்தார். நரைத்த மீசை, அதிர்ந்து பேசாத மனிதர்.

"இத்தோட போதும்க்கா. டேங்க்ல மிச்சம் வச்சுட்டுப் போகணும். ஸ்டேஷன்ல மோட்டார் ரிப்பேரு, போனதும் ரொப்ப முடியாது."

"ஏன், உங்க வீட்டுத் தண்ணியா?" என்றாள் அவள், இடுப்பில் கை வைத்துக்கொண்டு. "எங்க ஓட்டுல வந்த தண்ணி. சும்மா தொறந்து விடுங்க."

தெரு கொல்லென்று சிரித்தது. மாடிவீட்டுக்காரி மேலிருந்தே, "தையலக்கா, அண்ணனுக்கு ஒரு போன் போடு, அப்பத்தான் இவருக்குக் கை வரும்!" என்றாள்.

"எங்கயாச்சும் தீப்பிடிச்சா என்னம்மா பண்றது?"

"பிடிக்கறப்ப பாத்துக்கலாம்!" என்றாள் தையலக்கா.

சாப்பாட்டுப் பையோடு வந்த அவள் கணவரும் சிரித்தார். "அவ வாயில நான் மாட்டி முழிக்கிறது பத்தாதா தலைவரே, நீங்க வேறயா?" என்று டிரைவரின் தோளில் தட்டினார். சொட்டிக்கொண்டிருந்த ஹோஸில் கையைக் கழுவி, ஈரத்தை அவள் முகத்தில் உதறிவிட்டுப் போனார். "சீ, போய்யா" என்றாள். டிரைவர் தலையைக் குனிந்துகொண்டு வால்வை மறுபடியும் திறந்தார்.

மதியத்துக்குள் பட்டறையில் தீ பிடித்துக்கொண்டது. கீழே ஒயரில் ஏதோ பொறி. அங்கே இருந்ததெல்லாம் பஞ்சும் நுரைமெத்தையும் பசையும். கீழே நின்றவர்கள் ஓடி வந்துவிட்டார்கள். அவள் கணவர் மேலே பரணில் மெத்தைக்கு அளவு வெட்டிக்கொண்டிருந்தார். ஏணி கீழே எரிந்துகொண்டிருந்தது.

கழுத்தில் அளவு டேப்போடு அவள் ஓடிப் போய் நின்றபோது பரண் ஜன்னலில் ஒரு கை தெரிந்தது. சைரன் கேட்டது. "நம்ம வண்டி வந்திருச்சு! வழி விடுங்கப்பா!" என்று யாரோ கத்தினார்கள். ஹோஸ் புடைத்தது. தண்ணீர் ஜன்னல் வரை எட்டியது, புகை ஒரு பக்கமாக ஒதுங்கியது, அந்தக் கை இன்னும் கொஞ்சம் வெளியே வந்தது. அப்புறம் தண்ணீர் தாழ்ந்தது, துப்பியது, நின்றது. ஹோஸின் வாயிலிருந்து புஸ்ஸென்று காற்று வந்தது. காலையில் அவள் கேட்ட அதே சத்தம். டிரைவர் திரும்பி ஒரே ஒரு முறை அவளைப் பார்த்தார்.

வேறு நிலையத்திலிருந்து வண்டி வந்து சேர்ந்தபோது, அணைப்பதற்குச் சுவர்தான் பாக்கி இருந்தது.

காரியமெல்லாம் முடிந்தபின் மெம்பர் வீட்டுக்கு வந்தார். உண்மையிலேயே கண் கலங்கியிருந்தார்.

"டேங்க ரொப்பாம வந்திருக்கான்மா அந்த டிரைவர். சஸ்பெண்ட் பண்ணியாச்சு, விட மாட்டேன். நாளைக்கு விசாரணைக்கு அதிகாரி வர்றாங்க. அன்னிக்குக் காலைல வண்டி நம்ம தெருவுக்கே வரல. அவ்வளவுதான் சொல்லணும், வேற ஒண்ணும் வேண்டாம். உனக்கு வார்டு ஆபீஸ்ல ஒரு வேலை பாத்து வச்சிருக்கேன். ஒரு போன் போட்டா போதும்."

அந்த ஒரு போன். இத்தனை நாள் காதில் தேனாகப் பாய்ந்த வார்த்தை. அந்த வேலைக்கு வரிசையில் முதலில் நிற்பவள் யாரோ, அவள் வீட்டிலும் ஒரு குழாய் காற்று விட்டுக்கொண்டிருக்குமோ என்று முதல் தடவையாகத் தோன்றியது. வண்டியில் வந்தது யாருடைய தண்ணீர் என்றுகூட அவள் யோசித்ததில்லை. இன்னும் தீப்பிடிக்காத வீட்டுக்காரர்களின் தண்ணீர் அது. தோன்றி என்ன பயன்? வாய் பழக்கத்தில் "சரிண்ணே" என்றது. அவர் போனபின் அந்த 'சரிண்ணே' அவள் நாக்கிலேயே கசந்து கிடந்தது.

மாடிவீட்டுக்காரி இறங்கி வந்தாள். "பேசாம இரு, அக்கா. போனவரு வரப்போறாரா? நாளைக்குத் தண்ணிக்கு நாம யார்கிட்ட போய் நிக்கறது?"

விசாரணை வார்டு ஆபீஸ் கூடத்தில் நடந்தது. அதிகாரி ஒரு பெண். மெம்பர் பக்கத்து நாற்காலியில். டிரைவர் சீருடை இல்லாமல் மூலையில் நின்றார். சட்டை அவருக்குப் பெரிதாக இருந்தது. "என் தப்புதாங்க" என்பதற்கு மேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை. தெருக்காரர்கள் ஒவ்வொருவராக, "பாக்கலைங்க", "நான் ஊர்லயே இல்லைங்க" என்றார்கள். மாடிவீட்டுக்காரி, "எனக்குக் கண்ணு சரியாத் தெரியாதுங்க" என்றாள்.

அவள் முறை வந்தது.

"அன்னிக்கு வண்டி உங்க தெருவுக்கு வந்துச்சாம்மா?"

"வந்துச்சு. நான்தான் கூப்பிட்டேன்."

"யாரக் கூப்பிட்டீங்க?"

"மெம்பர. அவரு போன் போட்டாத்தான் வண்டி வரும். எப்பவும் அப்படித்தான்."

கூடத்தில் நாற்காலிகள் கிறீச்சிட்டன.

"டிரைவரு போதும்னுதாங்க சொன்னாரு. மோட்டார் ரிப்பேரு, மிச்சம் வைக்கணும்னு சொன்னாரு. நான் விடல. உங்க வீட்டுத் தண்ணியான்னு கேட்டேன்."

அதிகாரியின் பேனா நின்றது. அன்று சிரித்த அத்தனை பேரும் அந்தக் கூடத்தில்தான் இருந்தார்கள். யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

"அக்கா, விடுங்கக்கா," என்றார் டிரைவர் மூலையிலிருந்து, மெதுவாக.

அவளுக்கு முகம் எரிந்தது. தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "எல்லாரும் சிரிச்சாங்க. என் வீட்டுக்காரரும் சிரிச்சாரு. அதையும் எழுதிக்கங்க."

வெளியே வரும்போது மெம்பர் வாசலில் வழிமறித்தார். கோபம்கூட இல்லை, அடிபட்ட முகம். "உன்ன நம்மாளுன்னு நெனச்சேன்."

"நானும் அப்படித்தாண்ணே நெனச்சேன்," என்றாள். அண்ணே என்ற சொல் அப்போதும் கூடவே வந்துவிட்டது.

தெருவில் யாரும் அவளோடு பேசவில்லை. வீட்டுக்குள் போய்ச் செருப்பைக் கழற்றினாள். காலையிலிருந்து கழுத்திலேயே கிடந்த அளவு டேப்பை எடுத்து மெஷின் மேல் வைத்தாள். முகம் கழுவலாம் என்று குழாயைத் திறந்தாள்.

புஸ்ஸென்று காற்று வந்தது.