கரையை அறுத்த கோடு

மருதமுனையில் சொந்தத் தறி வைத்து நெய்யும் நபீஸாவிடம், துணி வியாபாரி மிஹ்லார் ஒரு படத்தையும் ஒரு மூட்டைக் கம்பளி நூலையும் கொண்டுவந்து கொடுத்தான். சிவப்பும் வெள்ளையுமாகப் படிப்படியாக ஏறி இறங்கும் வைரக் கட்டங்கள், சுற்றிவரக் கறுப்புக் கரை. சுவரில் தொங்கவிடும் துணி. கொழும்பில் ஒருவருக்கு வேண்டுமாம்.

"அச்சு அசலா இப்படியே இரிக்கணும் ராத்தா. லேபல் மட்டும் வேணாம்."

மருதமுனை என்ற லேபல் இல்லாமல் அவள் இடுப்பில் உடுக்கும் ஒரு சாரம்கூடக் கொடுத்ததில்லை. "ஏன் தம்பி வேணாம்?"

"வாங்குற ஆளுக்கு விருப்பமில்லயாம்." அவளைப் பார்க்காமல் மோட்டார்சைக்கிளைப் பார்த்துக்கொண்டு சொன்னான். அது அவளுக்குப் பிடிக்கவில்லை.

நெய்யத் தொடங்கியபின் இன்னொன்றும் உறுத்தியது. படத்தின் மேல் மூலையில், உள்ளேயிருந்து ஒரு மெல்லிய வெள்ளைக் கோடு கறுப்புக் கரையை அறுத்துக்கொண்டு வெளியே போயிருந்தது. பிழைதானே, விட்டுவிடவா என்று போனில் கேட்டாள்.

"ஐயோ, அதுதான் முக்கியம்! அது இல்லாட்டி ஒருத்தரும் நம்ப மாட்டாங்க" என்றவன், சட்டென்று கதையை மாற்றினான்.

எதை நம்ப?

படத்தைப் போனில் போட்டுத் தேடினாள். அமெரிக்காவில் நவஹோ என்றொரு மக்களின் நெசவு அது. ஒரு காலத்தில் அமெரிக்கப் படை அவர்களை ஊரைவிட்டே கால்நடையாகத் துரத்தியிருந்தது. திரும்பி வந்து மறுபடி நெய்தார்கள். கரை போட்டுத் தரச் சொன்னவர்கள் வெள்ளைக்கார வியாபாரிகள். தன் மனசு கரைக்குள் அடைபட்டுவிடாமல் வெளியே போக, நெய்கிறவள் விடும் வழிதான் அந்தக் கோடு. ஒரு நவஹோப் பெண் வீடியோவில் அதை விரலால் தொட்டுக் காட்டினாள்.

நபீஸா தறியை நிறுத்திவிட்டு மிஹ்லாரை வரச் சொன்னாள்.

"இத அந்த ஆக்கள் நெய்ததெண்டுதானே விக்கப் போறீங்க?"

"எனக்கென்ன தெரியும் ராத்தா?"

"அப்ப அந்த ஆளுக்கு இப்பவே கோல் எடுங்க. எங்கட பேரப் போடலாமா எண்டு கேளுங்க. எனக்கும் கேக்கட்டும்."

தயங்கித் தயங்கி எடுத்தான். கேள்வி முடியுமுன் மறுபக்கத்து ஆள் அழைப்பை வெட்டிவிட்டான். திரும்ப எடுத்தான்; போகவில்லை.

"அல்லாஹ்வாணை எனக்குத் தெரியா" என்றான். முகம் வெளிறிப்போயிருந்தது. ஏமாந்தவனின் முகமா, பிடிபட்டவனின் முகமா என்று அவளால் பிரித்தறிய முடியவில்லை.

மிச்ச நூலைத் திருப்பிக் கொடுத்தாள். பாதி நெய்ததைக் கேட்டான், கொடுக்கவில்லை. முகம் தெரியாத ஒருத்தியின் வீட்டுக்குள் கேட்காமல் நுழைந்துவிட்டதுபோல் கூச்சமாக இருந்தது. துணியைத் தறியிலிருந்து அறுத்து அலுமாரிக்குள் வைத்துவிட்டு, சாரம் நெய்யத் தறியில் பாவு நூல் பூட்டினாள்.

மிஹ்லார் இப்போதும் வருகிறான். போன வாரம் தொழுகை விரிப்புக்கு ஓடர் கொண்டுவந்தான். நல்ல ஓடர்தான்.

"ஆருக்கு?"

பெயரைச் சொன்னான்.

"நம்பரையும் தாங்க" என்றாள் நபீஸா.