உருண்டு வந்த ராவணன் மீசை

ஏழாயிரம்பண்ணைப் பட்டாசு கம்பெனி ஒன்றில் சோணைமுத்து போர்மேன். திங்கட்கிழமை தோறும் ஆட்களை வரிசையாக நிறுத்தி ஒரே பாடம்தான் நடத்துவார். "ஏலே, தீயைப் பாத்தா தனியா ஓடக் கூடாது. பக்கத்துல இருக்க ஆளை இழுத்துக்கிட்டுதான் ஓடணும், வெளங்குதா?" விளங்காதவனை வாங்கு வாங்கென்று வாங்கிவிடுவார்.

ஆனி மாதத்து ஞாயிறு ஒன்றில் கம்பெனி வேனில் எல்லாரும் குடும்பத்தோடு மணப்பாடு கடற்கரைக்குப் போனார்கள். சோணைமுத்துவுக்கு உற்சாகம் தாங்கவில்லை. விருதுநகரில் தாவரவியல் படிக்கும் மகள் ஐஸ்வர்யாவை மணலில் உட்கார வைத்தார். அவள் முழங்கால் வரை ஈர மணலை அள்ளி வந்து கொட்டி, தட்டித் தட்டி இறுக்கினார். மனைவி செல்லக்கனி பக்கத்தில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தாள்.

இறுக்கி முடித்து நிமிர்ந்தவர் மணல் மேட்டைப் பார்த்தார். மேற்கே இறங்கும் வெயிலில், தலையளவு உருண்டை ஒன்று சுற்றிலும் தீப்பொறி பறக்கச் சுழன்றுகொண்டு நேரே அவர்களிடம் வந்தது. பட்டாசிலேயே கிடந்த கண்ணுக்கு அது வேறென்னவாகத் தெரியும்? எந்தப் பாவியோ பற்ற வைத்துவிட்ட பெரிய சங்குச் சக்கரம்.

"தீ வருது, ஓடுங்க" என்று கத்தினார். கத்தி வாய் மூடுவதற்குள் கழுத்தளவுத் தண்ணீரில் நின்றார்.

திரும்பிப் பார்த்தார். செல்லக்கனி ஓடவில்லை. மகள்மேல் குப்புற விழுந்து, முந்தானையால் அவள் தலையை மூடிக் கிடந்தாள். உருண்டை செல்லக்கனியின் முதுகில் முட்டி நின்றது. புகையுமில்லை, தீயுமில்லை.

ஐஸ்வர்யா கையை நீட்டி அதை எடுத்தாள். "ராவணன் மீசைப்பா. கடற்கரை மணல்ல மொளைக்கிற புல்லு. இது அதோட காஞ்ச கதிரு. காத்துல உருண்டு போயி அங்கங்க விதையைப் போடும். வெயில் பட்டதுல முள்ளெல்லாம் மினுங்கியிருக்கு."

கூட்டம் வயிறு வலிக்கச் சிரித்தது. "அண்ணாச்சி, பாடத்துல கடல்ல குதிக்கச் சொல்லலியே" என்றாள் கம்பெனியில் திரி வைக்கும் மாரிசெல்வி.

அந்தக் கேலி பெரிதில்லை. மகள் காலை மணலுக்குள் இறுக்கியதே அவர்தானே. அவளால் எழ முடியாது என்று தெரிந்தும் ஓடியிருக்கிறார்.

"அப்பா, காலை எடுத்து விடுங்க" என்றாள் ஐஸ்வர்யா.

மண்டியிட்டுத் தோண்டினார். நன்றாகத்தான் இறுக்கியிருந்தார், கால் சீக்கிரம் வெளியே வரவில்லை. இரண்டு பேர் முகத்தையும் நிமிர்ந்து பார்க்க அவருக்குத் துணிவில்லை.

செல்லக்கனி திட்டவில்லை. துண்டை எடுத்து அவர் தோளில் போட்டாள்.

"நல்லா நனைஞ்சிட்டீக, துவட்டிக்கோங்க. நாங்க நனையல."