பக்கிரிசாமி குடித்த கதை

"மவளுக்கு பதினாலாம் தேதி கல்யாணம், டாக்டரம்மா. அன்னிக்குன்னு பாத்து தூரமாயிடுவா போலக்கீது. தள்ளிப்போட ஒரு மாத்திரை எழுதிக் குடுங்க" என்று பாகூர் ஆஸ்பத்திரியில் கேட்டு நின்றாள் அமிர்தம்.

டாக்டரம்மா பேனாவை நிறுத்தினார். "இது எல்லாருக்கும் ஒத்துக்காது. உங்க குடும்பத்துல யாராவது ரத்தம் உறைஞ்சோ, வயிறு வீங்கியோ சின்ன வயசுல செத்திருக்காங்களா?"

"தம்பி ஒருத்தன் செத்தான். அது குடிம்மா. சாராயம்."

அந்தத் தம்பி பக்கிரிசாமி சாராயத்தை விரலாலும் தொட்டதில்லை. முப்பது வயதில் அவன் வயிறு வீங்கிச் செத்தபோது, அமிர்தம் கட்டிவிட்ட கதை அது. குடிகாரன் வீட்டில் பெண் எடுப்பார்கள். சீக்கு உள்ள வீட்டில் எடுப்பார்களா? நம் புதுச்சேரியில் குடி என்று சொல்லிவிட்டால் யாரும் மறுகேள்வி கேட்பதில்லை. செத்தவன் எழுந்து வந்து மறுக்கவா போகிறான்!

மாத்திரை கிடைத்தது, கல்யாணமும் நடந்தது. நெட்டப்பாக்கத்துக்கு வாழப்போன மகள் கமலவேணி, அதே சீட்டை மருந்துக் கடையில் காட்டி, ஆடித் திருவிழாவுக்கும் நாத்தனார் வளைகாப்புக்கும் வாங்கி விழுங்கினாள்.

ஐப்பசியில் அவள் வயிறு பெரிதானது. மாமியார் பவுனம்மாள் பேரன் என்று பூரித்து, மருமகளைக் குனிய விடாமல் பார்த்துக்கொண்டாள். கண் மஞ்சளாகிக் கால் வீங்கிய பிறகுதான் டவுன் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

"புள்ளை இல்லம்மா. ஈரல்லேருந்து ரத்தம் போற குழாய் அடைச்சிருக்கு" என்றார் டாக்டர். "ரத்தம் சீக்கிரம் உறையுற கோளாறு சில குடும்பங்கள்ல பரம்பரையா வரும். அவங்களுக்கு இவ முழுங்கின தள்ளிப்போடுற மாத்திரை ஆகவே ஆகாது. உங்க வழியில யாருக்காவது இப்படி?"

பவுனம்மாள் பக்கத்தில் நின்றாள். அமிர்தம் அவளை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு, "தம்பி ஒருத்தன் செத்தான், அது குடி" என்றே மறுபடியும் சொன்னாள். கட்டிலில் இருந்து கமலவேணிதான் மெல்லச் சொன்னாள்.

"பக்கிரி மாமா குடிக்கவே மாட்டாரேம்மா. என்னைத் தோள்லயே வெச்சிக்கினு திரிவாரு. ஒரு நாளும் அவர்கிட்ட நாத்தம் வந்ததில்ல."

அமிர்தம் டாக்டரின் காலில் விழுந்து எல்லாவற்றையும் சொன்னாள்.

"அப்பவே சொல்லியிருந்தா மாத்திரையே எழுதியிருக்க மாட்டாங்க. இப்ப வயித்துத் தண்ணிய எடுக்கலாம். அதுக்கு மேல என் கையில ஒண்ணும் இல்லம்மா. உங்க தம்பி புள்ளைங்களுக்காவது சொல்லி வைங்க."

பக்கிரிசாமியின் மனைவி வள்ளியம்மாள் வராந்தாவில் கஞ்சித் தூக்கோடு நின்றிருந்தாள். எட்டு வருஷமாகக் குடிகாரன் பெண்டாட்டி என்ற பேரைச் சுமந்தவள். அமிர்தம் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, சம்பந்தி காதில் விழட்டும் என்றே உரக்க அழுதாள்.

"உன் பொண்ணுங்ககிட்ட சொல்லு, வள்ளி. உங்கப்பன் குடிச்சி சாவல, இது நம்ம ரத்தத்துல வர்ற சீக்குன்னு சொல்லு. டாக்டர் கேட்டா மறைக்காதீங்கன்னு சொல்லு. மானம் போயிடும்னு ஒரு பொய் சொன்னேன். மானம் போவல, வள்ளி. எம்மவதான் போறா."